தங்க எழுத்தின் ஓரத்தில் ஒரு நைட்டி

மாதா திருவிழா முடிந்த பிறகு எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் வெறும் கோழிதான். அந்தமானில் சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு ஒருத்தி மீன் வாங்காமல் இருக்கிறாள் என்றால் ஒன்று விரதமாக இருக்க வேண்டும், இல்லை டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கணவர் சில நாள் பேசாமல் சாப்பிட்டார். பிறகு ஒரு மதியம் குழம்பைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, கப்பல் வரவில்லையென்றால் காய்கறிதானே கிடைக்காது, மீனுக்கு என்ன வந்தது என்று கேட்டார். அவர் ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர். உலகத்தில் எது கிடைக்காவிட்டாலும் கப்பல்தான் காரணம் என்று நினைப்பார்.

காரணம் நான்தான். அதைச் சொல்ல என் பைத்தியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அப்பா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்து நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர். எங்கள் வீட்டுச் சுவரில் முருகனும் காலண்டரும் உண்டு, கிறிஸ்தவ வேதம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கடலுக்கடியில் கேபிள் போட்டு இங்கே இணையம் ஒழுங்காக வர ஆரம்பித்ததும், ஊரெல்லாம் சினிமா பார்க்க, நான் ஐரோப்பாவில் அந்தக் காலத்துத் துறவிகள் மடத்தில் உட்கார்ந்து கையால் எழுதிய ஜெபப் புத்தகங்களைப் பார்த்தேன். தோலில் எழுதியவை. பக்கத்தின் முதல் எழுத்து மட்டும் ஒரு ஜன்னல் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அந்த ஜன்னலுக்குள் ஒரு சின்ன உலகம், ஒரு குழந்தை பிறக்கும், ஒரு தேவதை இறங்கும். எழுத்திலிருந்து கொடி கிளம்பி ஓரமெல்லாம் படரும், கொடியில் முயலும் நத்தையும் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் நடுவில் தங்கம். வெறும் மஞ்சள் பூச்சு இல்லை, நிஜத் தங்க ரேக்கு. அதைப் பார்த்த அன்று, இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு மாம்பழமும் தேசியக்கொடியும் வரையச் சொல்லிக் கொடுத்துக் காலத்தைப் போக்கிவிட்டோமே என்று இருந்தது.

வெளிநாட்டு டீச்சர் ஒருவர் நடத்திய ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். அவர் சொன்ன சாமான் எதுவும் போர்ட் பிளேரில் கிடையாது. தோலுக்கு ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெங்காலி டீச்சரிடம் கேட்டேன். தபலாவுக்குப் போடும் ஆட்டுத்தோலைக் கல்கத்தாவிலிருந்து வருகிற உறவுக்காரர் கையில் கொடுத்தனுப்பச் சொன்னாள். அதைப் பலகையில் இழுத்துக் கட்டி, உப்புத்தாளால் தேய்த்து, சாக்பீஸ் பொடி தடவி, மறுபடி தேய்த்தால் எழுதுகிற பதத்துக்கு வரும். மைக்குக் கடுக்காயும் அன்னபேதியும் போதும், மெயின்லேண்டில் சொல்லிவிட்டால் நாட்டுமருந்துக் கடைப் பொட்டலம் வந்துவிடும். தங்கத்தைத் தேய்த்து மினுக்க அங்கே ஒரு வழவழப்புக் கல் வைத்திருப்பார்கள். நான் பல்லாங்குழி விளையாடும் சோழியை எடுத்தேன்.

சாமான் சேர்ந்தது, ஆனால் காற்று சேரவில்லை. தங்கம் ஒட்டுவதற்கு முதலில் சுண்ணப் பொடியும் பசையும் கொஞ்சம் சர்க்கரையும் குழைத்து எழுத்தின் மேல் மேடாக வைக்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு குழலை வாயில் வைத்து அதன்மேல் மெல்ல மூச்சு விட வேண்டும். மூச்சின் ஈரத்தில் சர்க்கரை இளகும், அந்த நொடியில் ரேக்கை வைத்து அழுத்த வேண்டும். அந்த டீச்சரின் ஊரில் சரி. எங்கள் ஊரில் மழை பிடித்தால் தீப்பெட்டியே நமுத்துப் போகும். மேடு காயவே காயாது, நான் மூச்சு விடாமலே ஒட்டும். இதில் சர்க்கரை வாசனைக்கு எறும்பு வேறு. ஒரு முறை மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பெரிய எழுத்தைப் பாதி தின்றிருந்தது. தோலோ அப்பளம்போல் சுருண்டு கிடந்தது. கடைசியில் துணி பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஸ்டீல் பீரோவுக்குள் பல்பு எரிய விடுவோமே, அதே பீரோவில் புடவைகளை வெளியே தள்ளிவிட்டுத் தோலை வைத்தேன். பீரோ கால்களுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம். சர்க்கரையைக் குறைத்தேன். கணவர் தம் சட்டை எங்கே என்று கேட்டபோது கொடியில் என்றேன்.

அப்படி ஒருவழியாகத் தேறின பக்கம் ஒன்று ஜன்னலோரம் நின்றிருந்த ஞாயிற்றுக்கிழமைதான் மீன்கார அக்கா வீட்டுக்கு வந்தார்.

மீன்கார அக்கா என்று சொல்வது ஊர் வழக்கம். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறவர் இல்லை அவர். மார்க்கெட்டில் நல்ல இடத்தில் கடை, ஐஸ் பெட்டிகள், சொந்த டிங்கிப் படகுகள், கீழே வேலை செய்ய ஆட்கள். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். பெங்காலியிடம் ஹிந்தியில் சண்டை போட்டு, தெலுங்குக்காரரிடம் ஹிந்தியில் விலை பேசி, கோபம் வந்தால் மட்டும் சொந்த ஊர்த் தமிழுக்குத் திரும்புவார். என்னைவிட வசதியானவர், என்னைவிட வயதில் மூத்தவர், என்னைவிட வாய் நீளமானவர். நல்ல சூரை வந்தால் எனக்கென்று ஒரு துண்டம் எடுத்து வைத்துத் தானே கொண்டுவருவார்.

அவர் கணவருக்குத் தொண்டையில் கட்டி வந்து, சென்னையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா மாதாவுக்கு ஒரு நேர்ச்சை நேர்ந்திருந்தார். இவரை உயிரோடு கப்பலேற்றிக் கொண்டுபோனால், இதுவரை யாரும் கொடுக்காத ஒன்றைத் திருவிழா அன்று கொண்டுவந்து வைப்பேன் என்று. அது என்னவாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஜன்னலோரம் தங்கத்தில் வெயில் பட்டு நின்ற என் பக்கத்தைப் பார்த்ததும் கையிலிருந்த மீன் பையைக் கீழே வைக்க மறந்துபோனார். சொட்டிக்கொண்டே நின்றது.

"எல்லாரும் மாதாவுக்குச் சேலை குடுக்காங்க, மெழுகுவத்தி ஸ்டாண்டு குடுக்காங்க. நான் இதத்தான் குடுக்கப் போறேன் டீச்சர். செலவு எம்பாடு."

கோயிலில் தினமும் சொல்கிற, 'அருள் நிறைந்த' என்று தொடங்கும் மாதா ஜெபத்தை ஒரு பெரிய பக்கமாக எழுதித் தர வேண்டும். திருவிழாப் பூசையில் காணிக்கைப் பவனி என்று ஒன்று உண்டாம். காணிக்கை கொண்டுவருகிறவர்கள் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் ஊர் பார்க்க நடந்து போவார்கள். அதில் அக்கா முன்னால் நடக்க வேண்டும். அதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அக்கா தம் பெண்ணைக் கொடுத்த சம்பந்தி வீட்டார் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள். நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியம்மா இவர் பக்கத்தில் உட்காராமல் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாளாம். மூக்கைத் தொட்டாளா இல்லையா என்பதில் அக்காவுக்கு இன்னும் சந்தேகம். அவர்களும் திருவிழாவுக்கு வருவார்கள். வரட்டும், நான் என்ன கொண்டுபோகிறேன் என்று பார்க்கட்டும் என்றார்.

அவர் போன பிறகு நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றேன். யாரோ என்னிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்ற கர்வம். அந்தக் கர்வத்தை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

பக்கம் நன்றாகவே வந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். பெரிய 'அ'வின் வளைவுக்குள் மாதா அலைமேல் நின்றாள். ஐரோப்பியக் கொடிக்குப் பதில் தாழைமரம், முயலுக்குப் பதில் தென்னையேறும் பெரிய நண்டு, நத்தை இருக்க வேண்டிய இடத்தில் கொட்டும் திருக்கை. தங்கத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் நிறம் தொட வேண்டும், இல்லாவிட்டால் ரேக்கு நிறத்தின்மேலெல்லாம் போய் ஒட்டும். கல்யாண வீட்டில் குங்குமம் தெறித்த மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை சோழியால் தேய்ப்பேன். சிவப்புக் கோடு, கறுப்பு எழுத்து, நீலம். அக்கா இடையில் பார்க்க வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் முடிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் ஓரத்தில் அவருக்காக ஒரு ஆச்சரியம் வைத்திருந்தேன்.

அந்தப் பழைய புத்தகங்களில் ஒரு வழக்கம். யார் செலவு செய்து அந்தப் புத்தகத்தை எழுத வைத்தார்களோ, அவர்களையும் பக்கத்தின் கீழ்மூலையில் சின்னதாக வரைந்துவிடுவார்கள். மண்டியிட்டு, கை கூப்பி, மாதாவை நிமிர்ந்து பார்த்தபடி. என்றைக்கும் அங்கேயே இருப்பார்கள். அக்காவையும் அப்படி உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது தப்பில்லை. எப்படி உட்கார வைத்தேன் என்பதுதான்.

என் போனில் ஒரு போட்டோ இருந்தது. ஒரு காலை மார்க்கெட்டில் அவர் அறியாமல் எடுத்தது. பூப்போட்ட நைட்டி, அதன்மேல் தோளைச் சுற்றிய துண்டு, தூக்கிச் செருகிய கொண்டை, முன்கையெல்லாம் செதில், கையில் நீளக் கத்தி. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து செதிலெல்லாம் மின்னியது. அதை அப்படியே வரைந்தேன். கத்தியை மட்டும் முழங்காலுக்குப் பக்கத்தில் கீழே வைத்து, கையைக் கூப்ப வைத்தேன். முன்கைச் செதில்களுக்குத் தங்கத்தூள் தொட்டு வைத்தேன். ஒவ்வொன்றாக. அதை வைக்கும்போது எனக்குக் கண் கலங்கியதுகூட உண்டு. உழைப்பை இதைவிட யார் கௌரவப்படுத்த முடியும் என்று நினைத்தேன். வகுப்புக் குழுவில் அந்த மூலையை மட்டும் பெரிதாக்கிப் போட்டேன். கடல் தாண்டி முகம் தெரியாதவர்கள் வந்து வந்து பாராட்டினார்கள். எவ்வளவு உண்மை, எவ்வளவு உயிர் என்றார்கள். உழைப்பின் அழுக்கோடு கடவுள் முன்னால் நிற்கும் பெண் என்று நானும் ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி எழுதினேன். யாருடைய உருவமோ அவர் இன்னும் பார்க்கவில்லை என்பது எனக்கு ஒரு முறைகூட உறைக்கவில்லை.

சட்டம் போடும் கடைக்காரர் வழக்கம்போல் இழுத்தடித்தார். அதனால் திருவிழா அன்று காலையில் கடையிலிருந்து நேராகக் கோயிலுக்கே ஆட்டோவில் கொண்டுபோனேன். வாசலில் காணிக்கைக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அக்காவை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அரக்குப் பட்டு, கழுத்து நிறைய நகை, தலை கொள்ளாத பூ, முகத்தில் மஞ்சளும் பவுடரும். பக்கத்தில் அண்ணன், அதாவது அவர் கணவர், கழுத்தில் ஆபரேஷன் துளையை மறைக்கும் வெள்ளைத் துணியோடு. பின்னால் சம்பந்தி குடும்பம். நான் துணியைப் பிரித்தேன். தங்கம் வெயிலை வாங்கிக்கொண்டு திரும்பியது. எல்லோரும் ஆவென்று நெருங்கி வந்தார்கள், அக்கா கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு பார்த்தார். மாதாவைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டார். நண்டைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் கண் மூலைக்கு வந்தது.

பின்னாலிருந்து யாரோ ஹிந்தியில், "அரே, யே தோ அப்னா மச்சிவாலி" என்றார்கள். நம்ம மீன்காரி அல்லவா இது என்று. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அடையாளம் கண்ட சந்தோஷம்தான். ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு எழுந்து வரிசை முழுக்கப் போனது.

"இது நானா டீச்சர்?" என்று அக்கா கேட்டார். மார்க்கெட் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல், எனக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் முன்னால் வந்தார். பேச முடியாத மனிதர். தம் வலது கையை விரித்து அந்த மூலையின் கண்ணாடிமேல் வைத்து மூடிக்கொண்டார். குழந்தை உடுப்பில்லாமல் வெளியே ஓடி வந்தால் அப்பா கையால் மறைப்பாரே, அந்த மாதிரி. அப்போதுதான் நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. உள்ளங்கால்வரை வெட்கம் இறங்கியது. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று சொல்வார்களே, அதை நான் அதுவரை சும்மா ஒரு பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது, வரிசை நகர்ந்தது. நேர்ச்சையை நிறுத்த முடியுமா? அக்கா பட்டுப் புடவை முந்தானையை இழுத்து அந்த மூலைமேல் போட்டு, சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். முன்னால் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் குனிந்த தலையோடு நடந்து போனார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் காணிக்கையை வாங்கிய சாமியார் நல்ல மனிதர், ரசனை உள்ளவர். முந்தானை நழுவியதும் மூலையைப் பார்த்து முகம் மலர்ந்து, சட்டத்தை மக்கள் பக்கம் தூக்கிப் பிடித்தார். மைக்கில் பேசினார். ராஜாக்களும் ராணிகளும் காணிக்கை கொடுப்பார்கள், இதோ நம் பங்கின் உழைக்கும் தாய், வேலை செய்த உடுப்போடும் கையின் அழுக்கோடும் மாதாவின் பாதத்தில் என்றார். கோயில் முழுக்கக் கை தட்டியது. சம்பந்தியம்மாவும் தட்டினாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம். பட்டும் நகையுமாகப் பீடத்தின் முன் நின்ற அக்காவை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் சட்டத்துக்குள் இருந்த நைட்டியைப் பார்த்துத்தான் கை தட்டினார்கள்.

சாமியார்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டினேன். சாத்தம் பாலம் போகும் திருப்பத்தில் ஆட்டோ நின்றபோதுதான், அவர் சொன்னது நான் ஆன்லைன் குழுவில் எழுதிய அதே வார்த்தைகள் என்று உறைத்தது. அவர் தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வேறு வித்தியாசம் இல்லை.

கோழிக்காலம் அப்படித்தான் தொடங்கியது. குழுவில் போட்ட படத்தை எடுத்துவிட்டேன். அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் கிளம்புவேன், பஸ் ஸ்டாப் வரை போவேன், பென்சில் வாங்கிக்கொண்டு திரும்புவேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். பெங்காலி டீச்சர் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. நான் சமையலை முடித்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க இருந்தேன். தட்டின வேகத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது. நைட்டியின்மேல் அவசரமாகத் துண்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். அக்கா. அதே அரக்குப் பட்டு, அதே நகை, புதுப் பூ. சந்தன சோப்பு மணம். பெட்ஷீட்டில் சுற்றிய சட்டத்தைக் கையில் தாங்கியிருந்தார். சாமியாரிடம், படத்தில் ஒரு பிழை இருக்கிறது, திருத்திக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தாராம். எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. ஒரு நிமிஷம் அக்கா என்று சொல்லி உள்ளே ஓடி, முகம் கழுவி, இருப்பதில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டினேன். கொசுவம் வைக்கும்போதுதான் கை நின்றது. மதிய நேரத்தில் வீட்டுக்கு வந்த ஒருத்தர் முன்னால் நிற்பதற்கே எனக்கு இது வேண்டியிருக்கிறது.

வெளியே வந்து உட்கார்ந்ததும், வெட்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். விளக்கம் சொன்னேன். பழைய புத்தகங்களின் வழக்கம், காணிக்கை கொடுத்தவரை வரைவது எவ்வளவு பெரிய மரியாதை, உழைப்பு கேவலமில்லை, உங்களை உள்ளபடி வரைந்தேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா குறுக்கிடாமல் கேட்டார்.

"தொழில்ல எனக்கு என்ன வெக்கம் டீச்சர். அந்தக் கத்திதான் அவருக்கு வைத்தியம் பாத்துச்சு. நீ வரஞ்சது நான்தான், இல்லைன்னு சொல்லல." முந்தானையை மடியில் நீவிவிட்டுக்கொண்டார். "ஆனா மாதாவப் பாக்கப் போறப்ப நான் குளிச்சிட்டுத்தான் போவேன்."

நான் அழுதேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அக்கா என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. அழுது முடிக்கட்டும் என்று சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஸோபாவிலிருந்த தலையணையைத் தரையில் போட்டு, எங்கே மண்டியிட வேண்டும் என்று கேட்டார்.

தோலில் ஒரு வசதி உண்டு. தாளில் பட்ட பிழை பட்டதுதான், தோலில் பட்டதைச் சுரண்டி எடுத்துவிடலாம். அந்தக் காலத்து எழுத்தர்கள் ஒரு கையில் இறகும் மறு கையில் கத்தியுமாகத்தான் உட்காருவார்களாம். சட்டத்தைப் பிரித்து, பீரோ வெப்பத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தேன். புது பிளேடைக் கிடையாகப் பிடித்து, நிறத்தை மட்டும் பொடிப்பொடியாக எடுத்தேன். பக்கத்திலேயே தங்கக் கொடி. கை பிசகினால் மறுபடி எறும்புக் கதை. நைட்டியின் பூக்கள் போயின, துண்டு போனது, கத்தி போனது, கடைசியில் முன்கையின் தங்கச் செதில்களும் போயின. முகத்தை எடுக்கட்டுமா என்று கேட்டேன். முகம் இருக்கட்டும், தலையைச் சீவிப் பூ வை என்றார்.

முதலில் சும்மா மண்டியிட்டுக் காட்டினார். மூட்டு சடசடவென்றது. உட்கார்ந்துகொள்ளுங்கள், வேண்டும்போது கூப்பிடுகிறேன் என்றேன். பொழுது போவதற்கு என் டேப்லெட்டைக் கையில் கொடுத்தேன். அதில் நான் சேர்த்து வைத்திருந்த பழைய பக்கங்கள் எல்லாம் இருந்தன. அக்கா விரலை நாக்கில் தொட்டு, தாள் புரட்டுகிறவர்போல் ஒவ்வொன்றாகத் தள்ளினார். மாதா படங்களுக்கெல்லாம் ஒரு முறை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஓரத்துக் குரங்குகளைப் பார்த்து, வேதப் புத்தகத்தில் இதுகளுக்கு என்ன வேலை என்றார். அப்புறம் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். இரண்டு விரலால் மூலையைப் பெரிதாக்கினார்.

"இவ யாரு?"

எட்டிப் பார்த்தேன். அந்தப் புத்தகத்துக்குச் செலவு செய்தவள், ஏதோ கம்பளி வியாபாரியின் மனைவி என்று சொன்னேன். சிவப்பு அங்கி, விளிம்பெல்லாம் மென்மயிர், விரல் நிறைய மோதிரம், கழுத்தில் கனத்த சங்கிலி. மண்டியிட்டிருந்தாள்.

"கம்பளி வியாபாரம்னா, இவளும் ஆட்டு முடியச் சிக்கெடுத்திருப்பால்லா?"

இருக்கும் அக்கா என்றேன்.

"அப்ப இவள மட்டும் ஏன் நல்ல உடுப்புல வரஞ்சிருக்கான்?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு விடை தெரியும். அந்த மாதிரிப் பக்கங்களை நான் பார்த்த அளவுக்கு இந்தத் தீவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ராணிகள், விதவைகள், சாராயம் விற்றவர்கள், துணி விற்றவர்கள். ஒருவராவது வேலை உடுப்பில் மண்டியிட்டிருந்ததில்லை. கொடியைப் பார்த்து வரைந்தேன், சிவப்புக் கோட்டைப் பார்த்து வரைந்தேன், தங்கத்தை எப்படி வைப்பது என்று எறும்போடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றையும் அவர்கள் செய்தபடியே செய்தவள், அக்காவிடம் வந்தபோது மட்டும் இவருக்கு நைட்டி போதும் என்று என் சொந்த மூளையில் முடிவு செய்திருந்தேன்.

தெரியலையே அக்கா என்று சொன்னேன். பிளேடைக் கீழே வைத்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த நிறப்பொடியைத் துடைத்தேன். அக்கா டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, சங்கிலியை இவள் போட்டிருக்கிற மாதிரி நன்றாக வெளியே தெரியும்படி போடச் சொன்னார்.